ஐந்து தசம் எட்டு

மங்களேஸ்வரியின் சமையலைப் பற்றி ஒஸ்லோவில் எவரும் அதுவரை ஒரு குறை சொன்னதில்லை. சொல்லிவிட்டு மோர்டென்ஸ்ருட்டில் நிம்மதியாகக் குடியிருக்கவும் முடியாது. கோயில் திருவிழா என்றால் அன்னதானக் குசினியின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். கலியாண வீட்டுக்காரர் மண்டபத்தைப் பிடிப்பதற்கு முன்னால் அவளைப் பிடிப்பார்கள். அப்படிப்பட்டவளிடம்தான் ஒக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் வைத்து, மகள் துஷ்யாவைவிட வயதில் குறைந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டில்தான் ஏதோ பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சொன்னவள் சிறுநீரக டொக்டர். பெயர் இங்வில்ட். திரையில் சிவப்பு எழுத்தில் நின்றது மங்களேஸ்வரியின் கணவர் யோகலிங்கத்தின் இரத்தத்திலிருந்த பொட்டாசியம். ஐந்து தசம் எட்டு.

அவருக்குச் சீனி வருத்தம் வந்து இருபத்தெட்டு வருஷம். சீனி சும்மா இருக்கவில்லை, மெல்ல மெல்லச் சிறுநீரகத்தை அரித்து, மூன்றில் ஒரு பங்கு வேலை செய்கிற அளவில் கொண்டுவந்து விட்டிருந்தது. சலத்தோடு, அதாவது சிறுநீரோடு, புரதம் ஒழுகியது. கால் வீங்கியது. எழுபத்தாறு வயதில் இனி என்ன புது மருந்து, இருப்பதைக் கொண்டு போகலாம் என்று முன்பு பார்த்த டொக்டர் கையை விரித்துவிட்டார். இங்வில்ட் வந்த பிறகுதான் காற்று மாறியது. வயதைக் காட்டி மருந்தை மறுக்கிற வேலை தன்னிடம் இல்லை என்றாள் அவள். சீனியைச் சலத்தோடு வெளியேற்றுகிற ஒரு குளிசையை மார்ச்சில் தொடங்கினாள். மே மாதத்தில் இன்னொன்று, துவரம்பருப்பு அளவில் ஒரு சின்னக் குளிசை. சிறுநீரகம் உள்ளுக்குள் புண்பட்டுத் தழும்பாகிப் போவதை அது தடுக்குமாம். தடுக்கவும் செய்தது. மூன்று மாதத்தில் புரதம் ஒழுகுவது பாதியாகக் குறைந்தது. பத்து வருஷத்தில் அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

ஆனால் அந்தச் சின்னக் குளிசைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உடம்பிலிருந்து பொட்டாசியத்தைப் போகவிடாது. பொட்டாசியம் ஐந்தரையைத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். ஓகஸ்டில் ஐந்து தசம் ஏழு வந்ததும் குளிசையை நிறுத்தினார்கள். இறங்கியதும் பாதி அளவில் மீண்டும் தொடங்கினார்கள். பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்ற ஒரு தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அது யோகலிங்கத்தின் வயிற்றைக் கட்டி நாலு நாள் படுக்கையில் போட்டதுதான் மிச்சம். இப்போது ஐந்து தசம் எட்டு.

இங்வில்ட் ஒளிக்காமல் சொன்னாள். ஒரு கிழமை நிறுத்தி வைப்பேன். பிறகு பாதிக் குளிசையைத் திரும்பத் தொடங்குவேன். நாலு கிழமையில் இரத்தம் பார்ப்பேன். அப்போதும் ஐந்தரைக்கு மேல் நின்றால் இந்த மருந்து உங்களுக்கு இல்லை, இந்த வயதில் இதயத்தோடு விளையாட மாட்டேன். குளிசை இல்லாவிட்டால் ஒன்றரை வருஷத்தில் இரத்தம் கழுவுகிற மெசினைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும்.

மெசின் என்ற சொல்லைக் கேட்டதும் யோகலிங்கம் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் ஆலை வேலைக் காலத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்த சற்குணம் இரண்டு வருஷமாக அந்த மெசினில்தான் கிடக்கிறார். கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம். மற்ற நாட்களில் நித்திரை. யோகலிங்கம் அவரைப் பார்த்துவிட்டு வருகிற நாட்களில் வீட்டில் தொலைக்காட்சிகூடப் போடுவதில்லை. மங்களேஸ்வரிக்கு அது தெரியும். தெரிந்துதான் அவளுக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

துஷ்யாதான் கார் ஓட்டினாள். அவளுக்கு வீடு ஹவுகெட்டோவில், வேலை பக்கத்துப் பாடசாலையில். எதையும் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, படிவம் நிரப்பித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற பிள்ளை. சுரங்கப் பாதையைத் தாண்டியதும் மெதுவாகத் தொடங்கினாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. கொம்யூனுக்கு எழுதிக் குடுத்தால் மிடாக் சாப்பாடு வீட்டை கொண்டுவந்து தருவினம். கிட்னி வருத்தக்காரருக்கெண்டு தனியாச் சமைச்சது. எல்லாம் நிறுத்துத்தான் போடுவினம்."

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு மட்டும்."

"நான் உயிரோடைதான் இருக்கிறனெண்டு கொம்யூனுக்குச் சொன்னியோ?"

"அம்மா, இது உங்கடை சமையலைப் பற்றின கதையில்லை. அப்பான்ரை உயிரைப் பற்றின கதை."

மங்களேஸ்வரிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை வாய் திறக்காமல் விழுங்கினாள், ஏனென்றால் பிள்ளை சொன்னது சரி. முன் இருக்கையிலிருந்து யோகலிங்கம், றோட்டு வழுக்குது, இறங்கின பிறகு சண்டையைப் பிடியுங்கோ என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் தன் முடிவைச் சொன்னாள். இரத்தம் பார்க்கும் வரைக்கும் குசினி என்னுடையது. அதுக்குப் பிறகும் ஏறித்தான் நிற்குமென்றால் கொம்யூன் சாப்பாட்டுப் பெட்டிக்கு நானே கதவு திறந்துவிடுவேன். அதோடு அகப்பையையும் கீழே வைத்துவிடுவேன். துஷ்யா தலையாட்டினாள். தாய் அகப்பையைக் கீழே வைக்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வைப்பேன் என்று சொன்னதே அவளைப் பயப்படுத்தியது.

மங்களேஸ்வரிக்குப் பிழை எங்கே என்று உண்மையாகவே விளங்கவில்லை. ஜூன் மாதத்தில் உணவு ஆலோசகர் ஒருத்தி, கரைச்சலில்லாத ஒரு சின்னப் பெட்டை, தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து ஒரு மணித்தியாலம் சொல்லித் தந்திருந்தாள். வாழைப்பழம், தக்காளிப்பழம், இளநீர், பேரீச்சம்பழம் வேண்டாம். கிழங்கையும் மரக்கறியையும் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்க வேண்டும். அன்றையிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு வாழைப்பழம் வரவில்லை. பிள்ளையார்கூட ஐந்து மாதமாக அப்பிளோடுதான் காலத்தை ஓட்டினார். கிழங்கை ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் அவித்தாள். செப்டெம்பரில் அந்தப் பெட்டை திரும்பக் கூப்பிட்டு, அவிக்கிறீர்களா என்று கேட்டபோது, ஓம், இரண்டு தரம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

ஆகவே சந்தேகம் மனிதர் மேல் போனது. யோகலிங்கத்தின் ஜக்கெற் பைகளைத் தடவிப் பார்த்தாள். அங்காடிக்குள் இருக்கிற மர வாங்கில் அவரோடு உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்கிற சோமாலியக் கிழவர் பேரீச்சம்பழம் நீட்டுகிறாரோ என்று ஒரு நாள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கிழவர்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தார்களே தவிர வாயில் ஒன்றும் போடவில்லை. பின்னேரம் யோகலிங்கம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, தூணுக்குப் பின்னாலை குளிரேல்லையோ என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் அவளுக்குத் தன்னுடைய பழைய தொழில் ஞாபகம் வந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு தை மாதம் அவள் பாட்ஸ்பியோர்ட்டில் வந்து இறங்கினாள். சூரியன் எட்டிப் பார்க்காத நாட்கள். வந்த மூன்றாம் நாள் றப்பர் ஏப்ரனைக் கட்டி, வெள்ளைச் சப்பாத்தைப் போட்டு, மீன் வெட்டுகிற வரிசையில் நின்றாள். பதினாறு வருஷம் நின்றாள். கத்தியில் அவளை வெல்ல ஆணிலும் ஆளில்லை. அந்த ஆலையில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெட்டினவரின் இலக்கத் துண்டு கிடக்கும். ஒரு முள் அகப்பட்டால் பெட்டி பெட்டியாகப் பின்னுக்குப் போய் ஆளைப் பிடிப்பார்கள். அதைவிட முக்கியம் நிறை. உள்ளே வந்த மீன் எவ்வளவு, வெளியே போன சதை எவ்வளவு, தோல் எவ்வளவு, முள் எவ்வளவு, தலை எவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டினால் வந்த நிறை வர வேண்டும். வராவிட்டால் மேற்பார்வைக்காரர் ஆலையை விட்டு ஒருவரையும் வெளியே விடமாட்டார். போனது எங்கேயோ போயிருக்கிறது, தேடுங்கள் என்பார். ஒரு தரம் நாற்பது கிலோ மீனை வாய்க்கால் கம்பிக்குக் கீழே கண்டுபிடித்தவள் மங்களேஸ்வரிதான்.

மேல் தட்டிலிருந்த குசினித் தராசை இறக்கினாள். துஷ்யா பாடசாலையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கட்டக் கொப்பி ஒன்றை எடுத்தாள். குளிசை திரும்பத் தொடங்கின நாளிலிருந்து யோகலிங்கத்தின் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்கின. சோறு இத்தனை கிராம். பயிற்றங்காய் இத்தனை. பூசணி இத்தனை. இடியப்பம் இத்தனை. உணவில் என்ன இருக்கிறது என்று அரசாங்கம் வெளியிட்டிருக்கிற அட்டவணையைத் துஷ்யா கணினியில் எடுத்துத் தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். மங்களேஸ்வரி பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பொட்டாசிய வரிசையைப் பார்த்து எதிரே எழுதினாள்.

"காத்தையும் நிறுக்கப் போறியோ?" என்று கேட்டார் யோகலிங்கம்.

"நீங்கள் விழுங்கிறதெண்டால் நிறுப்பன்."

இரண்டு கிழமை. வெளியே இலையெல்லாம் கொட்டி, நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் அவள் கூட்டிப் பார்த்தாள். ஆலோசகர் சொன்ன அளவைவிடக் குறைவாகத்தான் வந்தது. கொப்பியின்படி அந்த மனிதருக்கு நாலரைதான் இருக்க வேண்டும். இரத்தம் ஐந்து தசம் எட்டு என்று சொல்லுகிறது. கொப்பி சரி என்றால் குளிசைதான் பிழை. குளிசைதான் பிழை என்றால் மெசின். கொப்பி சரியாக வர வர அவள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். தன் பிழையாக இருக்க வேண்டும் என்று அவள் சாமியை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

சனிக்கிழமை காலை பிரபாவதி வந்தாள். அடுத்த கதவுக்காரி, தமிழ்நாட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி. மங்களேஸ்வரி கொடுத்தனுப்பிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊறுகாயில் உப்பு இருக்கிறது, அவருக்கு ஆகாது, எனக்கு ஆகும் என்று சொல்லி மங்களேஸ்வரி வாங்கி வைத்தாள். அடுப்பில் கிழங்கு அவிந்து முடிந்திருந்தது. கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. பிரபாவதி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"ஆன்ட்டி, இது எங்க லேப் நோட்டைவிட நீட்டா இருக்கே."

மங்களேஸ்வரிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மனதில் இரண்டு நாளாக முள் மாதிரி ஒன்று குத்திக்கொண்டு கிடந்தது. அட்டவணையில் உருளைக்கிழங்குக்கு இரண்டு வரி இருந்தது. பச்சைக் கிழங்குக்கு ஒன்று, அவித்த கிழங்குக்கு ஒன்று. இரண்டாவதில் பொட்டாசியம் குறைவு. கிழங்குப் பானையை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளை, பச்சைக் கிழங்கிலை இவ்வளவு கிடக்கு. அவிச்ச கிழங்கிலை இவ்வளவுதான் கிடக்கு. மிச்சம் எங்கை போனது?"

"தண்ணில கரைஞ்சிடும் ஆன்ட்டி."

"ஆவியாப் போகாதோ?"

"அது ஆவியாகாது. எவ்வளவு கொதிக்க வெச்சாலும் அப்படியே அந்தத் தண்ணிலதான் இருக்கும். அதனாலதான் கீழ ஊத்தச் சொல்றாங்க."

மங்களேஸ்வரியின் கை அந்த நேரம் பானையைச் சரித்து, வடிதட்டுக்குக் கீழே இருந்த சட்டிக்குள் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சட்டிக்குள் பூசணி அவித்த தண்ணீர் ஏற்கெனவே இருந்தது. பயிற்றங்காய் அவித்த தண்ணீரும் இருந்தது. பக்கத்தில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிக் கிடந்தன, தேங்காய்ப்பால் பிழிந்து கிடந்தது. சொதிக்கு.

பிரபாவதியும் சட்டியைப் பார்த்தாள். அவளுக்குச் சொதி என்றால் தேங்காய்ப்பால் போட்ட ஏதோ ஒரு குழம்பு. அதற்கு எந்தத் தண்ணீர் விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மங்களேஸ்வரியின் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, இந்தத் தண்ணிய..."

"தினமும்," என்றாள் மங்களேஸ்வரி.

ஊற்றிவிட வேண்டும் என்று அந்த ஆலோசகப் பெட்டை சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. அவிப்பதுதான் வைத்தியம், ஊற்றுவது வெள்ளைக்காரரின் ஊதாரித்தனம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மரக்கறி அவித்த தண்ணீர் சத்துத் தண்ணீர். அதை வாய்க்காலில் விடுகிற கை அவள் கை இல்லை. அவள் தாயின் கையும் இல்லை. போரால் ஊர் முழுக்க அடைத்துக் கிடந்த காலத்தில் கைக்குழந்தைத் துஷ்யாவுக்குக் கீரை அவித்த தண்ணீரைத்தான் கரண்டி கரண்டியாகப் பருக்கி வளர்த்தாள். அப்படியிருக்க, ஒரு பானைத் தண்ணீரை எடுத்து ஊற்று என்றால் எப்படி ஊற்றுவது. பத்திரமாக வடித்து வைத்தாள். இரண்டு தரம் அவித்தால் இரண்டு தண்ணீரையும் சேர்த்து, சத்து விட்டுப் போகாமல் வற்றவைத்து, அதிலே பாலை விட்டுச் சொதி வைத்தாள். தனக்கு நெஞ்செரிவு என்று அவள் சொதி தொடுவதில்லை. கறி குறைந்து போச்சுதே, பாவம் மனிதர் என்று அவருக்கு இரண்டு அகப்பை கூடுதலாக ஊற்றினாள். கிழங்கிலிருந்து, பூசணியிலிருந்து, பயிற்றங்காயிலிருந்து, இரண்டு பேருக்குச் சமைத்த எல்லாவற்றிலுமிருந்து அவள் பாடுபட்டுப் பிரித்தெடுத்த பொட்டாசியம் அத்தனையும் ஐந்து மாதமாக ஒரே மனிதரின் கோப்பைக்குள் போயிருக்கிறது.

செப்டெம்பரில் அவிக்கிறீர்களா என்று கேட்ட பெட்டை, ஊற்றுகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்குத் தோன்றியிருக்காது. நோர்வேக்காரர் வீட்டில் அவித்த தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மங்களேஸ்வரி கொப்பியை இழுத்துச் சொதி என்று எழுதின வரியைப் பார்த்தாள். தேங்காய்ப்பால் இவ்வளவு, வெங்காயம் இவ்வளவு, தேசிக்காய் இவ்வளவு. தண்ணீர் என்ற இடத்தில் நிறை எழுதி, பொட்டாசியத்துக்கு எதிரே தன் கையால் பூச்சியம் போட்டிருந்தாள். நாற்பது கிலோ மீன் அந்தப் பூச்சியத்துக்குள்தான் கிடந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டுக்கும் அடியில், நம்ப முடியாத மாதிரி ஒரு சந்தோசமும் வந்தது. பிழை குளிசையில் இல்லை. பிழை பிடிபட்டுவிட்டது.

பிரபாவதி போன பிறகு அவள் முன்னறைக்குப் போய் யோகலிங்கத்துக்கு முன்னால் நின்றாள். அவர் பத்திரிகையை மடித்தார்.

"இஞ்சருங்கோ. உங்களுக்கு இவ்வளவு நாளும் நஞ்சு தந்தது நான்தான்."

ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடிந்ததும் மடித்த பத்திரிகையை மேசையில் வைத்தார்.

"நீ ஊத்தினாய். நான் இன்னும் கொஞ்சம் விடு, இன்னும் கொஞ்சம் விடு எண்டு கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சனான். அப்ப பாதிப் பிழை என்ரை," என்றார். பிறகு, "இண்டைக்குச் சொதி இல்லையோ?" என்று கேட்டார்.

"இருக்கு. குழாய்த் தண்ணியிலை."

குசினிக்குத் திரும்பி, சட்டியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். மஞ்சள் பச்சையாக ஆவி பறந்துகொண்டு அது போனது. கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினாள். இரண்டாம் நாள் ஒரு கண்ணை மூடினாள். ஒரு கிழமைக்குப் பிறகு மூடவில்லை.

துஷ்யாவிடம் மட்டும் சொல்லவில்லை. யோகலிங்கத்தின் வாயையும் கட்டிப்போட்டாள். தேறினால் சொல்லலாம், தேறாவிட்டால் கொம்யூன் பெட்டியோடு சேர்த்து இதையும் விழுங்கலாம் என்பது அவள் எண்ணம்.

பதினைந்து நாள் மிச்சம் இருந்தது. அவ்வளவு நாளில் இரத்தம் தெளியுமா என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் பயம். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தராசைப் பார்த்தாள். யோகலிங்கம் சுகமாகத்தான் இருந்தார். கால் வீக்கம் வற்றிச் சப்பாத்து இலகுவாக ஏறியது. ஆனாலும் ஓகஸ்டிலும் அப்படித்தான் இருந்தார் என்று அவள் தன்னை அடக்கிக்கொண்டாள். நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்த திங்கட்கிழமை இரத்தம் கொடுத்தார்கள். புதன்கிழமை நாலாம் மாடிக்குப் போனார்கள்.

இங்வில்ட் திரையைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு திரையைத் திருப்பினாள். சிவப்பு எழுத்து இல்லை. கறுப்பு எழுத்தில் நாலு தசம் ஆறு.

யோகலிங்கம் அந்த இலக்கத்தை நோர்வே மொழியில் சத்தமாக வாசித்தார். துஷ்யா தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். புரதமும் இன்னும் இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று இங்வில்ட் கேட்டாள். துஷ்யா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். மங்களேஸ்வரி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

அவளுக்கு நோர்வே மொழி தெரியாது என்று ஆஸ்பத்திரி தானாக முடிவெடுத்து மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்ததே தவிர, அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவள் பேசியது ஆலையில் பழகின, வடக்கு மீனவர் பேசுகிற பேச்சு. ஒஸ்லோக்காரருக்கே சில இடத்தில் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டி வரும். அந்தப் பேச்சில் பானை, வடிதட்டு, தண்ணீர், சொதி, பூச்சியம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். கொப்பியை மேசையில் வைத்துப் பிழையான வரியில் விரலை வைத்தாள். இங்வில்டின் வாய் திறந்தபடி நின்றது. துஷ்யாவின் வாயும்தான்.

இங்வில்ட் கொப்பியை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் பார்த்தாள். மாதக்கணக்காகத் தாங்கள் நாலு பேர் தேடிக் காணாததை நீங்கள் தனியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றாள். அன்றைக்கே குளிசையை முழு அளவுக்கு ஏற்றினாள். ஏற்றும்போது யோகலிங்கத்தைப் பார்த்து, எழுபத்தாறு என்பது இந்த மருந்துக்கு ஒரு வயதே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

காரைத் துஷ்யாதான் ஓட்டினாள். சுரங்கப் பாதை தாண்டியதும், கொம்யூனுக்கு எழுதின படிவத்தைக் கிழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். எப்போது என்று தாய் கேட்டாள். இப்ப, மனதுக்குள்ளே என்றாள் மகள்.

முழுக் குளிசையிலும் பொட்டாசியம் நாலு தசம் எட்டுக்கு மேல் போகவில்லை. மாசியில் பார்த்தபோது புரதம் ஒழுகுவது முந்தியதில் மூன்றில் ஒரு பங்கு. சிறுநீரகம் எந்தப் படியில் நின்றதோ அந்தப் படியிலேயே நின்றது, ஒரு படி கீழே இறங்கவில்லை. மெசினைப் பற்றிய கதையை இங்வில்ட் திகதி போடாமல் தள்ளி வைத்தாள். யோகலிங்கம் வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டார். மங்களேஸ்வரி குறைக்கச் சொல்லவில்லை.

கதை அதோடு முடிந்திருக்கும். அந்த உணவு ஆலோசகப் பெட்டை விட்டால்தானே. தமிழ் ஆட்களில் பொட்டாசியம் இறங்காமல் நிற்கிற பலர் தன்னிடம் வருகிறார்கள், எல்லாரும் அவிக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள், நீங்கள் வந்து ஒரு தரம் கதைக்க முடியுமா என்று கேட்டாள். மங்களேஸ்வரி மாட்டேன் என்றாள். தலைகீழாக நின்றாலும் மாட்டேன் என்றாள். அன்னதானக் குசினியின் சாவிக்காரி கட்டின மனிதருக்கே நஞ்சு கொடுத்தாள் என்று மோர்டென்ஸ்ருட் முழுக்கச் சிரிக்கும்.

"நீ போகாட்டி நான் போய்ச் சொல்லுவன்," என்றார் யோகலிங்கம். "சொல்லேக்கை கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவன்."

ஆகவே பங்குனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நேரம், பாடசாலை மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் கூடினார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், அவர்களுக்குச் சமைக்கிறவர்கள். சற்குணத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் மனைவியும் வந்திருந்தாள். துஷ்யா பின் வரிசையில் இருந்தாள். ஆலோசகப் பெட்டை ஒரு மூலையில் பேனையோடு நின்றாள்.

மங்களேஸ்வரி ஒலிவாங்கியைப் பிடித்தாள். முள் எடுத்துப் பழகின கைக்கு அது புதுச் சாமான். குளிசையைப் பற்றி முதலில் சொன்னாள். வயசு போட்டுது எண்டு ஆரும் சொன்னால் கேளாதேங்கோ, டொக்டரைக் கேளுங்கோ, இந்தா இருக்கிறார் என்ரை மனுசன், பாருங்கோ என்றாள். யோகலிங்கம் எழும்பி நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். சனம் சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தித் தன் சொதியின் கதையைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. இரண்டு தரம் அவித்ததையும் வற்றவைத்ததையும் கூடுதலாக ஊற்றினதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மண்டபத்தைப் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தன்னை நினைத்து வெட்கப்படுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். நினைத்தாலும் கேட்க வந்ததைக் கேட்டே விட்டாள்.

"நான் ஒருத்திதான் இப்பிடிச் செய்தனானோ? அவிச்ச தண்ணியைச் சொதிக்கு விடுறாக்கள் இஞ்சை வேறை ஆரும் இருக்கிறியளோ?"

ஒருவரும் அசையவில்லை. பின் வரிசையில் ஒரு கை எழும்பியது. துஷ்யாவின் கை.

"நீயுமோ பிள்ளை?"

"நீங்கள் பழக்கினதுதானே அம்மா. வேறை எப்பிடிச் சொதி வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது."

சற்குணத்தின் மனைவி, கணவரின் தோளில் வைத்திருந்த கையை எடுத்து மெல்ல உயர்த்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் உயர்த்தினாள். அதற்குப் பிறகு நடு வரிசை, முன் வரிசை, சுவரோரம் நின்றவர்கள். மண்டபத்தில் சமைக்கிற கை ஒன்றும் கீழே இல்லை. இதெல்லாம் எதற்காக உயர்கிறது என்று ஆலோசகப் பெட்டை யோகலிங்கத்தைக் கேட்டாள். அவர் அவளுக்கு நோர்வே மொழியில் சொல்லச் சொல்ல, அவள் எழுதுவதை விட்டுவிட்டுக் கைகளை எண்ணத் தொடங்கினாள்.

மங்களேஸ்வரிக்குக் கண் நிறைந்து போனது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"காணும், இறக்குங்கோ," என்றாள். "இண்டையிலையிருந்து வருத்தக்காரருக்கு அவிச்ச தண்ணியைக் கீழை ஊத்திப் போடுறம். எல்லாரும்."